பெண்கள் பக்கம்

சண்டையில் அழிந்துபோன ஆராதனைக் கொட்டகையைத் தேவாலய வளவில் அதே இடத்தில் திரும்பக் கட்டி, அன்றுதான் முதல் கூட்டம். வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நின்ற றொகானுக்குக் கிழவர் ஜெபரத்தினத்தால் பெரிய கரைச்சல்.

"ஐயா, இது பொம்பிளையளின்ரை பக்கம். ஆம்பிளையளுக்கு அங்காலை பாய் விரிச்சிருக்கு."

"எனக்கு இது காணும், தம்பி."

பெண்கள் அவருக்கு இடம் விட்டு ஒதுங்கி இருந்தார்கள். றொகானுக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

"பழைய கொட்டகையிலையும் பக்கம் பிரிச்சுத்தானே ஐயா இருந்தனீங்கள்?"

"ஓம். அண்டைக்கும் மனுசியையும் பெட்டையள் மூண்டு பேரையும் இஞ்சை இருத்திப்போட்டு, நான் அங்காலைதான் போய் இருந்தன்."

"பிறகென்ன? இப்பவும் அங்காலை போய் இருங்கோவன்."

கிழவர் பாயைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"ஷெல் இந்தப் பக்கந்தான் விழுந்தது, தம்பி."