ஆடு கிடைக்காத வருஷம்

"பவள விழாவுக்கு மட்டன் பிரியாணி கிடையாதா?"

மூத்த உறுப்பினர் இருதயராஜ் போட்ட சத்தத்தில் கமிட்டிக் கூட்டமே அடங்கிப்போனது.

"காய்கறிப் பிரியாணி இருக்கே," என்றார் ராஜாமணி. வளவனூரிலிருந்து திண்டிவனத்துக்குக் குடிவந்து, போன வருஷம்தான் மெதடிஸ்ட் சபைக்குச் செயலாளர் ஆனவர்.

"எழுவத்தஞ்சு வருஷத்துக் கோயில் சார் இது! ஏற்கெனவே ஒரு வருஷம் ஆடு கிடைக்கலன்னு பழைய போதகர் தயிர் சாதம் போட்டாரு. அவர் மாத்தலாகிப் போயும் அந்தக் கதையைச் சொல்லி இன்னும் சிரிச்சிக்கினு இருக்காங்க. இப்ப நீங்க வேறயா?"

ராஜாமணி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

ஆலயத்தின் மதிலை ஒட்டி ரிஷபநாதன் வீடு. மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்யும் சமணக் குடும்பம். ஒவ்வொரு வருஷமும் கறி விருந்து நடக்கும் ஆலயப் பிரதிஷ்டை நாளன்று, காலையிலேயே அவரும் மனைவி ஜினமதியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விடுவார்கள்.

"நம்ம கறி வாசனை ஆகாதுன்னு ஓடறாங்க. அன்பின் விருந்துன்னு பேரு வெச்சிக்கினு, பக்கத்து வீட்டுல பூட்டு தொங்கினா எப்படிங்க? கறியே இல்லன்னா என்ன சாக்கு சொல்லுவாங்க? பார்த்துடலாம்."

"அப்பவும் வரலன்னா?"

"செயலாளர் பொறுப்பை விட்டுடறேன். போதுமா?"

அழைப்பிதழை ரிஷபநாதன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷங்க. ஆனா அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டோம்."

ராஜாமணி சிரித்துக்கொண்டே திரும்பினார். சமையல் விவரத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. முன்னாலேயே சொன்னால் வேறு சாக்கு தேடிக்கொள்வார். அன்று காலை வாசலில் போய் நின்று, கையோடு அழைத்து வந்துவிட வேண்டும்.

சமணர் சாப்பிடும்படி சமைக்கணும், வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, உருளைக்கிழங்கும் கூடாது என்று கேட்டதும் சமையல்காரம்மா கெங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்போ அண்டாவுல அரிசியும் நானுந்தான் இருக்கணும்!"

விழா நாள் காலை. முதல் மணி அடிப்பதற்கு முன்பே ராஜாமணி அந்த வாசலில் போய் நின்றார்.

பூட்டு தொங்கியது.

ஆராதனையில் பாடிய ஒரு பாட்டும் அவர் காதில் ஏறவில்லை. பந்தியில் பிள்ளைகள் இலையில் கிடந்த சோற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்தார்கள். அடியில் எங்காவது கறித்துண்டு ஒளிந்திருக்கும் என்று நம்பிக்கை.

"சார், ராஜினாமா இப்பவேவா, பாயசம் குடிச்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டே போனார் இருதயராஜ்.

ராஜாமணி மணிக்கூண்டுக்கு அடியில் ஒதுங்கி, ரிஷபநாதனுக்கு போன் போட்டார். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான்.

அவர் வாயைத் திறப்பதற்குள், "சார்! இப்பதான் உங்க விழாவைப் பத்தி ஜினமதிகிட்ட பேசிக்கினு இருந்தேன். பிரியாணி எப்படிங்க வந்துச்சு?" என்றார் ரிஷபநாதன்.

"அதைப் பத்தி உங்களுக்கு என்னங்க? வாசனை ஆகாதுன்னுதானே பூட்டிக்கினு போனீங்க?"

"ஐயோ, யாருங்க அப்படிச் சொன்னது? வருஷத்துல ஒரு நாள். ஜன்னலைச் சாத்திக்கினா போவுது."

"பின்ன எதுக்கு ஓடறீங்க?"

ரிஷபநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிடாதீங்க சார். ஒரு வருஷம் ஆடு கிடைக்கலன்னு உங்க போதகர் தயிர் சாதம் போட்டாரே, ஞாபகமா சொல்லுவாங்களே? ஆடெல்லாம் எங்க மதிலுக்கு அந்தாண்டதான் கட்டியிருந்துது. அப்போ ஜினமதி உடம்பு முடியாம படுத்திருந்தா. அவளுக்குச் சங்கடமா இருக்கும்னு, விடியறதுக்குள்ள யாருக்கும் தெரியாம அவரே ஆட்டை அவுத்து ஓட்டிக்கினு போயி, ஆடே கிடைக்கலன்னுட்டாரு. சபையில அத்தனை பேச்சு வாங்கினாரு. எங்க பேரை மட்டும் சொல்லவே இல்ல."

ராஜாமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நாங்க வீட்டுல இருந்தாத்தானே உங்களுக்கு இந்தத் தொல்லை? அதான் வருஷா வருஷம் அன்னிக்கு மட்டும் இங்க பக்கத்துல எங்க சித்தாமூர் சமணக் கோயிலுக்கு வந்துடறோம். புள்ளைங்க ஆசையா கறிச்சோறு துன்னட்டும். சொல்லுங்க சார், பிரியாணி நல்லா வந்துச்சா?"

ராஜாமணி பந்தியைப் பார்த்தார். ஒவ்வொரு இலையோரத்திலும் பட்டாணி ஒதுங்கிக் கிடந்தது.

"இந்த வருஷமும் ஆடு கிடைக்கலைங்க," என்றார் மெதுவாக.

போனைவிட்டுத் தள்ளி, ரிஷபநாதனின் குரல் கேட்டது.

"ஜினமதி, பையை எடு. ஜல்தி! பந்தி முடியறதுக்குள்ள போய்ச் சேரணும்."