கூட ஒருத்தர்

மேனேஜர் அறைக்கு வெளியே அன்னக்குட்டி டீச்சருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"எதுக்கு டீச்சர் இப்படி நடுங்குறீங்க? வராத ஆறு பிள்ளைங்களுக்கு அட்டெண்டன்ஸ் போடச் சொன்னார் மேனேஜர், நீங்க மாட்டேன்னீங்க. அதுக்கு ஒரு மெமோவா?" என்றார் பவித்ரன் மாஷ். ஆசிரியர் சங்கச் செயலாளராகப் போன வாரம்தான் அந்தக் கேரள ஊருக்கு வந்த வாத்தியார்.

"அந்த ஆளு கத்துனா எனக்கு நாக்கே எழும்பாது, மாஷே."

"சங்கத்துல சேர்ந்துட்டீங்கல்ல? இனி தனியா விட மாட்டோம்."

உள்ளே நுழைந்ததுமே மேனேஜர் பைலி எழுந்துவிட்டார்.

"என் பள்ளிக்கூடத்துல எனக்கே சட்டம் பேசுறியா?"

மாஷ் பேனாவைத் திறந்தார்.

"இப்போ சொன்னதை அப்படியே எழுதிக்கட்டுமா, சார்?"

பைலி மெல்ல உட்கார்ந்தார்.

"டீச்சர்... நீங்க சொல்லுங்க," என்றார் பைலி.

அன்னக்குட்டி தடுமாறாமல் சொல்லி முடித்தாள். கால் மணி நேரத்தில் மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் மேனேஜர்.

வாசலுக்கு வந்ததும் மாஷ் சிரித்தார்.

"அவ்வளவுதான். நிம்மதியா வீட்டுக்குப் போங்க டீச்சர்."

அன்னக்குட்டி நகரவில்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு கார் உரசினாற்போல் வந்து நின்றது.

"ஏறுடி! வீட்டுக்கு வா, வச்சுக்கிறேன்!" என்றார் பைலி.

மாஷ் திகைத்துப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரர்தான், மாஷே," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

பிறகு காரின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

"டீச்சர், நீங்களும் ஏறுங்க. சார், உங்க வீட்டுல ஒரு சாயா கிடைக்குமா?"