எண்ணெய் மட்டும் இங்கே

"ஏய், உன் நாலு கடை அம்மா வந்தாச்சுடி!" என்றாள் பக்கத்துக் கவுண்டர்க்காரி.

பில் போடும் பெண் நிமிரவில்லை. சனிக்கிழமை தவறாமல் வருகிற அம்மா அது. அரிசி ஒரு கடையில், பருப்பு இன்னொரு கடையில், சோப்பு மூன்றாவது கடையில். இங்கே எண்ணெய் மட்டும். எங்கே எது மலிவோ அங்கே அது. புருஷன் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி அதிலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை.

"நடந்தா செருப்பு தேஞ்சிடும்ல! அதுலயும் மிச்சம் பிடிக்கிறாரு மனுஷன்."

"உன் வேலையப் பாருடி."

அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டு வந்து எண்ணெய் பாக்கெட்டை வைத்தாள்.

"முட்டி வீங்கிக் கிடக்கு. இந்தக் காலோட நாலு கடை ஏறி இறங்கணுமா?" பில் போடுகிறவளுக்கு எப்போதும் எரிந்து விழும் குரல்தான்.

"விலை குறைஞ்சாத்தாம்மா வண்டிய நிறுத்துவாரு."

"ஏன், அவரு இறங்கி வந்து வாங்கினா ஆகாதா?"

"மெதுவா பேசும்மா. கண்ணாடி வழியாத் தெரியும்."

பில் போடும் பெண் தன் கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையை மிஷினில் தேய்த்தாள். விலை இறங்கியது. பில்லைக் கிழிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து பிடுங்கியது. மேனேஜர்.

"ரொம்ப நாளா சந்தேகம். இன்னிக்குப் பிடிச்சிட்டேன். ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் யாருக்கு?"

"ஸ்டாஃபோட குடும்பத்துக்கு சார்."

"உனக்குத்தான் யாருமே இல்லன்னு சேரும்போதே சொன்னியே! அப்புறம் ஊரான் வீட்டு எண்ணெய்க்கு ஏன் தேய்ச்ச? டிகிரி வேற படிச்சிருக்க!"

மேனேஜர் அந்த அம்மாவைக் கைகாட்டினார்.

"இவங்க யாரு உனக்கு?"

"கஸ்டமர்."

"சும்மா ஒரு கஸ்டமருக்காகவா வேலைய அடமானம் வைப்பே? சரி, வெளிய ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அவரையே கூப்பிட்டு விசாரிக்கிறேன்."

மேனேஜர் வாசலைப் பார்த்து நடந்தார். அவள் கவுண்டரைத் தாண்டி ஓடிவந்து குறுக்கே நின்றாள். இதுவரை யாரிடமும் கெஞ்சாத குரல் உடைந்தது.

"வேணாம் சார். தப்பு என் மேலதான். என்னை வேலைய விட்டே தூக்குங்க. அவர மட்டும் உள்ள கூப்பிடாதீங்க."

"ஐயோ, இந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அந்த அம்மா. "குறைச்சுக் குடுன்னு நான்தான் நச்சரிச்சேன். முழு விலையும் தந்துடுறேன், அவளை விட்டுடுங்க."

மேனேஜர் விடவில்லை. "அட்டையக் கழட்டி வெச்சிட்டுப் போ. நாளையிலேருந்து வராதே."

அவள் அட்டையைக் கழற்றி வைத்தாள். அந்த அம்மாவின் பக்கம் திரும்பாமல் பின்கட்டுக்குள் போனாள்.

அந்த அம்மா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. புருஷன் கேட்பதற்கு முன்பே முந்திக்கொண்டாள்.

"இங்கயும் விலை ஏத்திட்டாங்க. இனிமே எண்ணெயும் பருப்புக் கடையிலயே வாங்கிக்கலாங்க."

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பவில்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் காலியாகக் கிடந்த கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விலை ஏறினா ஏறிட்டுப் போகுது. அடுத்த வாரமும் இங்கயே வாங்கு," என்றார். "நான் உள்ள வந்தா, என் மூஞ்சியப் பாத்ததும், வீட்ட விட்டுப் போன நம்ம பொண்ணு இந்த வேலையையும் விட்டுட்டுப் போயிடுவாளோன்னுதான் இத்தனை நாளா வாசல்லயே உட்கார்ந்திருக்கேன்."