எட்டு மணிக்கு முன்னால்

"கையெழுத்துப் போடு பட்டு. விஷயம் இதோட முடியட்டும்" என்றார் கிருஷ்ணஸ்வாமி, இந்தியில்.

ஹடப்சரில் அந்த அடுக்குமாடி சொசைட்டிக்கு அவர்தான் சேர்மன். ரிட்டையர்டு பாங்க் ஆபீசர். மேஜைக்கு அந்தப் பக்கம் கமிட்டி ஆட்கள் ஐந்து பேர், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. இந்தப் பக்கம் பட்டு மட்டும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

எரவாடாவிலிருந்து பஸ் பிடித்து வந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவள். கட்டியிருந்த பச்சைப் புடவையின் தலைப்பு ஓரமாக நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

மேஜைமேல் ஒரு போட்டோ. அன்று காலை கேமராவில் பதிவானது. தோட்டத்துச் செம்பருத்திக் கிளையைப் பட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மத்தியானமே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாகிவிட்டது. கீழே கொட்டை எழுத்தில், இந்தியில், 'பூத்திருடி'.

பக்கத்தில் டைப் அடித்த காகிதம். 'இனிமேல் சொசைட்டி செடியில் கை வைக்க மாட்டேன்.' அடியில் கையெழுத்துக்கு இடம்.

"போடலேன்னா?"

"உன் கேட் கார்டை நிறுத்திடுவோம். நாலு வீட்டு வேலையும் போயிடும்."

"போனாப் போகட்டும். திருடாததுக்கு நான் எதுக்குப் போடணும்?"

கிருஷ்ணஸ்வாமி குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினார். "இதோ பாரும்மா, நம்ம ஊர்க்காரியாச்சேன்னு நான்தான் உன்னை இங்கே சேர்த்துவிட்டேன். இப்ப என் மானமும் சேர்ந்து போறது. பேசாம போட்டுட்டுப் போ. இவாளெல்லாம் ரெண்டு நாள்ல மறந்துடுவா."

பட்டு அறை முழுக்கக் கேட்கிற மாதிரி இந்தியிலேயே பதில் சொன்னாள். "காதோட தமிழ்ல சொல்லாதீங்க சார். திருடின்னு எல்லாருக்கும் புரியற மாதிரிதானே எழுதினீங்க? அதே மாதிரி பேசுங்க."

"அம்மாடி, என்ன வாய்!" என்றார் கமிட்டியில் மூத்த பெண்மணியான குல்கர்ணி காக்கு, அதாவது குல்கர்ணி சித்தி. "ஏழு மணிக்குப் பார்க்கிறேன், செடியில ஒரு பூ கிடையாது. கிளை வேற ஒடிஞ்சிருக்கு. எத்தனை ஆசையா வச்ச செடி!"

"நான் கேட்டுக்குள்ள வர்றதே எட்டு மணிக்கு. கேமராவை முதல்ல இருந்து போடுங்க. விடிஞ்சதுல இருந்து."

கதவோரம் நின்றிருந்த வாட்ச்மேன் முகமது இஸ்மாயில் தலையைச் சொறிந்தார். "எட்டு மணியில இருந்து பார்த்தாப் போதும்னு சேர்மன் சார் சொன்னார். வேலைக்காரங்க அப்பதானே வருவாங்க."

"ஏன், அதுக்கு முன்னாடி இங்க மனுஷங்களே நடமாட மாட்டாங்களா?"

"வேண்டாத வேலை" என்றார் கிருஷ்ணஸ்வாமி அவசரமாக.

"பயமா இருக்கா சார்?"

காக்குவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்களுக்கு என்ன பயம்? போடுங்க இஸ்மாயில்!"

சுவர் டிவியில் படம் ஓடியது.

ஐந்து ஐம்பது. வாக்கிங் ஷூவும் பிளாஸ்டிக் பையுமாகக் குல்கர்ணி காக்கு. கைக்கு எட்டியதையெல்லாம் பறித்துப் பையை நிரப்பிக்கொண்டு போகிறார்.

"அது... எங்க வீட்டு கணபதிக்கு" என்றார் காக்கு.

ஆறு பத்து. செக்ரட்டரி ரவிசந்திரன். நாலு பூ, சட்டைப் பைக்குள். மேஜையோரம் உட்கார்ந்திருந்த ரவிசந்திரன் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

ஆறரை. கிருஷ்ணஸ்வாமி. உச்சிக் கிளை எட்டவில்லை. குடைப்பிடியை அதில் மாட்டி ஒரே இழுப்பு. கிளை ஒடிந்து தொங்கியது. மிச்சமிருந்த மூன்று பூவையும் பறித்துக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கி நடையைக் கட்டுகிறார்.

"சாமிக்குப் பறிக்கிறது திருட்டா?" என்றார் கிருஷ்ணஸ்வாமி. "சரி, தப்புன்னே வச்சுக்கோ. நீ மட்டும் ஒழுங்கா? நீயும்தானே பறிச்சே? போட்டோ இருக்கே!"

"நான் வர்றப்போ பறிக்க என்ன சார் இருந்தது? ஓட விடுங்க பாய்."

எட்டு ஐந்து. பட்டு வேகமாக நடந்து வருகிறாள். செடியைப் பார்த்ததும் நிற்கிறாள். தொங்கும் கிளையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, முறிந்த இடத்தில் பொருத்திப் பார்க்கிறாள். போட்டோவில் இருந்தது இதுதான்.

போட்டோவில் இல்லாதது அதற்கப்புறம் வந்தது. ஒரு கையால் கிளையைத் தாங்கிக்கொண்டே, புடவைத் தலைப்பின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறாள். முறிந்த இடத்தில் இறுக்கிச் சுற்றிக் கட்டுப் போடுகிறாள். தள்ளி நின்று ஒரு முறை பார்த்துவிட்டு, லேட்டாகிவிட்டது போல, லிஃப்டைப் பார்த்து ஓடுகிறாள்.

காக்கு பட்டுவின் கிழிந்த தலைப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி சரி, விடு. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா" என்று கிருஷ்ணஸ்வாமி அந்தக் காகிதத்தை எடுக்கப் போனார்.

பட்டு அதன்மேல் கையை வைத்தாள். காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். பேனாவையும் நகர்த்தி வைத்தாள்.

"செடியில கை வைக்க மாட்டேன்னு நான் எழுதிக் குடுத்தா அது செத்துடும் சார். நீங்க மூணு பேரும் போடுங்க, பிழைச்சுக்கும்."