பளிச்சென்று ஒரு ஜோடி

“அருமைங்க அம்மணி! பாட்டு அருமையோ அருமை!”

பெரியவர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. சார்ஜர் வாங்க வந்திருந்த இரண்டு காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தனப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இயர்போன் மாட்டியவர்கள் கத்திப் பேசுவது ஒன்றும் புதிதில்லை.

திருச்செங்கோடு வேலூர் ரோட்டில் இருந்த அந்தச் செல்போன் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள். இதுவரை ஒரு ஜோடி இயர்போன்கூட அவள் விற்கவில்லை. “யாவாரத்துக்கு வாய்தான் அம்மணி மூலதனம். இந்த வாரமும் ஒண்ணும் போகலீன்னா நான் வேற ஆளத்தான் பாக்கோணும்” என்று முதலாளி கைலாசம் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

பெரியவர் பெயர் சின்னண்ணன். வயது அறுபத்தைந்துக்குக் குறையாது. தினமும் காலையில் பள்ளிக்கூட கிரவுண்டில் நடக்கிறாராம். அப்போது மாட்டிக்கொள்ள நல்லதாக ஒன்று வேண்டுமாம்.

“பாட்டுக் கேட்டுட்டே நடக்கறதுக்குங்களா?”

“ஆமா, ஆமா.”

தனப்பிரியா மனப்பாடம் செய்துவைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். பேஸ் சத்தம் எப்படி அதிரும், ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை மணி நேரம் பாடும், வியர்வை பட்டால் என்ன ஆகும் என்று ஒன்று பாக்கியில்லை. வழக்கமாக இந்த இடத்தில் வாடிக்கையாளர்கள் கொட்டாவி விடுவார்கள். இவரோ அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

முதலில் கடைப் போனோடு இணைத்துக் காட்டிய கறுப்பு ஜோடியை அவர் காதில் வைக்கவே இல்லை. “பொடுசா இருக்குதே. மாட்டியிருக்கறதே தெரியாதே” என்று ஒதுக்கிவிட்டார். அடுத்து எடுத்த வெள்ளை ஜோடி பெரியது. வெளிப்பக்கம் நீல நிறத்தில் சின்ன விளக்கு எரியும். அதைப் பார்த்ததும் அவர் முகத்திலும் விளக்கு எரிந்தது. மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டாள். அதற்குத்தான் அந்த “அருமையோ அருமை.”

அந்த நேரம் பார்த்து வாசலை உரசிக்கொண்டு, போர் போடுகிற ஒரு ரிக் வண்டி ஏர் ஹாரனை அலறவிட்டுப் போனது. கல்லாவில் இருந்த கைலாசமே தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். சின்னண்ணன் அசையவில்லை.

அவர் கழற்றியதும் தனப்பிரியா அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டாள். “பாத்தீங்களாய்யா? அத்தாம் பெரிய ஹாரன் உங்க காதுல உழுகவே இல்ல. வெளிச் சத்தத்த அப்படியே அடைச்சுப்போடுமுங்க.”

“ஒண்ணுமே கேக்கலியே!” என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

மறுபடி மாட்டிக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடந்தார். தலையை இப்படியும் அப்படியும் உதறிப் பார்த்தார். கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பி, விளக்கு தெரிகிறதா என்று சரிபார்த்தார். “வெயில்லயும் பளிச்சுன்னு தெரியுமா அம்மணி?”

“அரை மைலுக்குத் தெரியுமுங்க.”

“அப்ப இதையே போடு.”

புது டப்பாவைப் பையில் வாங்கிக்கொண்டு அவர் இறங்கிப் போனார். “பரவால்லியே அம்மணி! பேசியே ஆளக் கவுத்துப்போட்டியே” என்றார் கைலாசம். தனப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேசையைச் சுத்தம் செய்யும்போதுதான் அந்தக் குரல் கேட்டது. கொசு பாடுகிற மாதிரி, மெல்லிசாக ஒரு பாட்டு. ஓரமாகக் கிடந்த கறுப்பு ஜோடியிலிருந்து வந்தது.

போனை எடுத்துப் பார்த்தாள். பாட்டு முழுக்க அந்தக் கறுப்பு ஜோடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வெள்ளையோடு போனை இணைக்கவே அவள் மறந்திருந்தாள்.

அப்படியானால் அந்த “அருமையோ அருமை”?

எட்டு நாளாக ஒன்றும் விற்காத பெண் என்று பெரியவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பரிதாபப்பட்டு வாங்கியிருக்கிறார். நினைக்க நினைக்க அவளுக்கு முகம் சுண்டியது. அவர் காதில் ஒரு முறையாவது ஒழுங்காகப் பாடவைத்துக் காட்டாவிட்டால் இது வியாபாரம் இல்லை, பிச்சை. செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டில் ஓடினாள்.

“ஐயா! ஏனுங்கய்யா!”

டீக்கடைக்காரர் திரும்பினார். சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்றார். பத்தடி முன்னால், பிரிக்காத டப்பாவைப் பையோடு ஆட்டிக்கொண்டு, சின்னண்ணன் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்.

ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“ஐயா, உங்க காதுல பாட்டே வரலீங்க. அப்புறம் எதுக்குங்கய்யா நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க?”

“மூச்சு வாங்காம, மொகத்தப் பாத்து மெதுவாச் சொல்லு சாமி.”

மெதுவாகச் சொன்னாள். அவர் கண் அவள் உதட்டிலேயே நின்றது. பிறகு, திருடி மாட்டிக்கொண்டவர் போல அக்கம்பக்கம் பார்த்தார்.

“முப்பது வருசம் ரிக் வண்டீல போர் போட்டவன் நானு. அந்தக் கம்ப்ரசர் சத்தத்துல ரெண்டு காதும் எப்பவோ போயிருச்சு.”

காது கேட்காதவரிடமா தனப்பிரியா அவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் பேசி விற்றிருக்கிறாள்!

“அப்ப இது எதுக்குங்கய்யா?” என்று வாயை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

“கிரவுண்டுல ஆளுங்க பின்னால இருந்து கூப்புடறாங்க. நாந் திரும்பலீன்னா ‘டமாரச் செவுடு’ன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கறாங்க.” பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நாளையில இருந்து, காதுல இதப் பாத்துட்டு, திமிரு புடிச்சவன்னு திட்டட்டும்!”