கண்ணீர் அஞ்சலி: போண்டா

எங்கள் வீட்டு முயல் போண்டா செவ்வாய்க்கிழமை செத்துப்போனது. தங்கள் ஐந்து வயது மகள் நிறைமதியிடம், அது ஹாஸ்டலில் சேர்ந்து எல்.கே.ஜி. படிக்கிறது என்று அக்காவும் அத்தானும் சொல்லிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கக் கூடாது என்றார்கள். திறக்கவில்லை. மூன்று நாளாக அவள் கேரட்டோடு வாசலில் நிற்பதைப் பார்த்தபின், ஒரு போஸ்டர் அடித்து ஹால் சுவரில் ஒட்டினேன். நடுவில் போண்டாவின் படம், இருபுறமும் குத்துவிளக்கு, மேலே கண்ணீர் விடும் இரண்டு கண்கள். நிறைமதிக்கு இன்னும் படிக்கத் தெரியாது. ஆனால் தெருச் சுவர்களைத் தினமும் பார்க்கிறவள். போஸ்டர் முன்னால் நின்று வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கீழ யாரு பேரு மாமா?" என்றாள்.

"வருத்தப்படுறவங்க பேரு. நீ, நான், அம்மா, அப்பா."

"அறிவிருக்காடா உனக்கு?" என்று அக்கா போஸ்டரைக் கிழிக்க வந்தாள்.

நிறைமதி குறுக்கே போய் நின்றாள். கையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனா.

"கிழிக்காத. மாமா, அம்மா அப்பா பேரு எதுன்னு காட்டு, கிறுக்கிடுறேன். அவங்க போண்டாதான் ஹாஸ்டல்ல படிக்குதே."