மேடையேறிய நுரையீரல்

"மருத்துவத்தின் திசையையே மாற்றும் மனிதன் நூற்றாண்டுக்கு ஒருவன்தான் பிறக்கிறான்!" என்று முழங்கினார் டாக்டர் ஜெயசீலன். தன்னைத்தான் சொன்னார்.

குறைமாதத்தில் பிறந்து, அவருடைய மருத்துவமனையில் பிழைத்த குழந்தைகளுக்கான ஆண்டுவிழா. வந்திருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி. முன்வரிசையிலிருந்து ஒரு குண்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார்.

"இவன் அல்போன்சாவின் மகன். இருபத்தைந்தாம் வாரத்திலேயே பிறந்தவன். எக்ஸ்ரேவில் தெரியாத நுரையீரல் நோயை, ரத்தத்திலுள்ள புரதத்தை வைத்து ஏழாம் நாளே கண்டுபிடித்தேன்!"

குழந்தை வீறிட்டது.

"கேளுங்கள், அந்த நுரையீரலை!"

கைதட்டல். கேமராக்கள் மின்னின. பின்வரிசையில் அல்போன்சா கைகூப்பி அழுதாள். அவள் மடியில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அய்யோ ஆண்டவரே! உன் புள்ள இங்க இருக்கான், அவரு யாரையோ தூக்கி வச்சிருக்காரு. எழுந்து சொல்லும்மா!" என்றாள் பக்கத்தில் நின்ற நர்ஸ் ஷோபா.

"வேணாம் சிஸ்டர். ரெண்டு சொட்டு ரத்தத்த பார்த்து இவன் உசுர மீட்டுக் குடுத்த மனுஷன். போட்டோவுல எந்தக் கொழந்த இருந்தா என்னா?"

"அப்ப அது யாரு கொழந்த?"

முன்வரிசையில் டாக்டரின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் தூக்கிக் காட்டியது, பத்து மாதமும் நிறைந்து பிறந்த தன் சொந்தப் பேரனை.